‘இந்த டிகிரி எனக்கு செட் ஆகுமா?’ - திருவண்ணாமலை சொல்லும் மூணு ரூபாய் கணக்கு!

காலை எட்டு மணிக்கு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர்னு நாலு பக்கமிருந்தும் வரும் பஸ்களில் இருந்து காலேஜ் பசங்க கூட்டம் கூட்டமா இறங்குவாங்க. கழுத்தில் ஐ.டி கார்டு, முதுகில் பேக், கையில் போன். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அட்மிஷன் போட்டாச்சு, ஃபீஸ் கட்டியாச்சு, முதல் நாள் செல்ஃபியை ஸ்டேட்டஸிலும் வெச்சாச்சு. ஆனா, மூணாவது வாரத்திலேயே மனசுக்குள்ள ஒரு குரல் கேட்க ஆரம்பிக்குது: ‘தப்பான கோர்ஸ்ல வந்து மாட்டிக்கிட்டோமோ?’

கிளாஸில் சார் நடத்துவது தலைக்கு மேல போகுது. பக்கத்து சீட் பையன் மட்டும் எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டுறான். ராத்திரி ரெண்டு மணிக்கு ‘கோர்ஸ் மாற முடியுமா?’ன்னு தேடிப் பார்க்கிறீங்க. காலையில அம்மா கட்டிக் கொடுக்கிற டிபன் பாக்ஸைப் பார்த்ததும் குற்ற உணர்ச்சி.

முதல்ல ஒரு விஷயம். இந்தச் சந்தேகம் வர்றது தப்பு இல்லை. இது உங்களுக்கு மட்டும் வர்றதும் இல்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்வி கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவிகிதம். இந்திய சராசரி 28.4 தான். உங்க தாத்தா காலத்தில் ‘காலேஜுக்குப் போக முடியுமா?’ என்பதுதான் கேள்வி. வீட்டுக்கு வீடு காலேஜ் பஸ் வந்து நிற்கிற இந்தக் காலத்தில், ‘எதுக்காகப் போறோம்?’ என்கிற கேள்வி வந்துதான் தீரும்.

இந்தக் கேள்விக்கு திருவண்ணாமலையிலேயே ஒரு பழைய கதை இருக்கு. கிரிவலம் போகும்போது செங்கம் ரோட்டில் அந்த ஆசிரமத்தைக் கடந்து எத்தனையோ தடவை நடந்திருப்பீங்க.

1896: ஃபீஸ் கட்டப் போன தம்பி

மதுரை அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமனுக்கு அப்போது 16 வயது. சில வாரங்களுக்கு முன்புதான் மரணத்தைப் பற்றிய ஓர் அனுபவம் அவரை உள்ளுக்குள் புரட்டிப் போட்டிருந்தது. அதன்பின் பாடத்தில் மனசு ஒட்டவில்லை. பெயினின் ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காததால், மூன்று முறை எழுதி வரச் சொல்லி இம்போசிஷன். இரண்டு முறை எழுதினார். மூன்றாவது முறை நோட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். இப்படி இருப்பவனுக்குப் படிப்பு எதற்கு என்கிற மாதிரி அண்ணன் நாகசாமி கடிந்துகொண்டார்.

அந்தச் சொல் தைத்தது. ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். ‘அப்படியே பெட்டியில் இருக்கும் ஐந்து ரூபாயை எடுத்துப் போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடு’ என்றார் அண்ணன். வேங்கடராமன் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். அண்ணனின் ஃபீஸ் இன்னும் கட்டப்படவில்லை என்பதும், மீதி இரண்டு ரூபாய் இங்கேயே இருக்கிறது என்பதும் அந்தச் சீட்டில் இருந்தது.

அது 1896 ஆகஸ்ட் 29. செப்டம்பர் 1-ம் தேதி அவர் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது.

‘அப்போ நானும் பேக்கைத் தூக்கிட்டுக் கிளம்பிடட்டுமா?’ என்று கேட்காதீங்க. அவர் கிளம்பியது கோர்ஸ் மாறுவதற்காக இல்லை. அந்தப் பாதையே வேறு. அதுமட்டுமில்லை, எங்கே போகிறார் என்று அந்தச் சீட்டில் எழுதவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் குடும்பத்துக்கு அவர் இருக்கும் இடமே தெரியாது. 1898-ல் சித்தப்பா நெல்லையப்பய்யர் தேடி வந்தார். அதே வருஷக் கடைசியில் அம்மா அழகம்மாள் வந்து, வீட்டுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினார். அந்த இரண்டு வருஷத்தை அந்த அம்மா எப்படிக் கழித்திருப்பார்?

அதனால் இந்தக் கதையை முன்மாதிரியா எடுத்துக்க வேண்டாம். ஆனா, இதில் வருகிற மூணு சின்ன விஷயங்கள் - ஒரு பழைய அட்லஸ், ஒரு இம்போசிஷன், ஒரு ரெண்டு ரூபாய் சீட்டு - இன்னைக்கு உங்க குழப்பத்துக்கு ரொம்பவே உதவும்.

அட்லஸ் பழசு, பாஸ்!

வேங்கடராமன் கிளம்பும் முன் ஒரு பழைய அட்லஸைப் புரட்டினார். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று அதில் இருந்தது. 2 ரூபாய் 13 அணா கொடுத்து திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். உண்மையில் விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலைக்கு அதற்குள் ரயில் பாதையே போட்டிருந்தார்கள். அட்லஸுக்குத்தான் அது தெரியாது. ரயிலில் எதிரே இருந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

நம்மில் பலர் டிகிரியைத் தேர்ந்தெடுத்த கதையும் இதுதான். ஒரு மாமா ‘சிவில் எடுத்தா எப்பவும் வேலை’ம்பார். ஒரு சித்தப்பா ‘மெக்கானிக்கல்தான்டா ஆம்பளைப் பையனுக்கு’ம்பார். பக்கத்து வீட்டு அண்ணன் பெங்களூருவில் ஐ.டி-யில் இருப்பதால் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேற எதுவும் எடுக்காத’ம்பார். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு அட்லஸ். எதுவும் பொய்யான அட்லஸ் இல்லை. அவங்கவங்க படிச்சு வேலைக்குப் போன வருஷத்தில் அச்சானது, அவ்வளவுதான்.

இதில் சிஸ்டத்துக்கும் பங்கு இருக்கு. தமிழ்நாட்டில் தொழிற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கையில் இருந்து இல்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட முடிவு அது. இன்ஜினீயரிங் சேர்க்கை கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடும் கட்-ஆஃபில் நடக்குது. 2018-ல் இருந்து கவுன்சலிங்கும் ஆன்லைன். வீட்டில் இருந்தபடியே சாய்ஸ் ஃபில்லிங் செய்ய முடிவது பெரிய வசதிதான். ஆனா, அந்த சில நாள் பதற்றத்தில் நாம் பார்ப்பது என்ன? ‘என் கட்-ஆஃபுக்கு எந்த காலேஜ் கிடைக்கும்?’ என்பதைத்தான். ‘இந்தப் பாடத்தை நாலு வருஷம் படிக்க என்னால முடியுமா?’ என்பதை அந்த ஸ்கிரீன் கேட்கிறதே இல்லை.

கலை, அறிவியல் கல்லூரிகளிலும் இதே கதைதான். கேட்டது பி.காம், ரேங்க் லிஸ்ட்டில் கிடைச்சது வரலாறு. ‘கவர்ன்மென்ட் காலேஜ்ல சீட் கிடைச்சதே பெருசு’ன்னு சேர்ந்துடுவோம். அதுவும் நியாயம்தான். பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய் படிக்கவைக்கும் அப்பாவுக்கு ஃபீஸ் வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

சரி, மாமாவின் அட்லஸ் பழசு. ரீல்ஸ் காட்டும் அட்லஸ் மட்டும் புதுசா? அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு, நன்றாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு இருந்த மாணவர் எண்ணிக்கை உச்சவரம்பை 2024-25-ல் நீக்கியது. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ, டேட்டா சயின்ஸ் சீட்கள் பெருகின. அதே நேரத்தில் ‘ஏ.ஐ வந்தாச்சு, கோடிங் காலி’ என்று 30 செகண்ட் வீடியோக்களும் ஓடுது. ஒரே போனில், ஒரே நாளில், ‘உடனே சேர்’, ‘உடனே ஓடு’ன்னு ரெண்டும் வருது. நீங்க டிகிரி முடிக்கிற வருஷத்தின் வேலைச் சந்தையை இன்னைக்கே வரைந்து காட்டும் அட்லஸ் யார்கிட்டயும் இல்லை. அதனால், ‘எதுக்கு ஸ்கோப்?’ என்பதை மட்டும் வெச்சு இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே முடியாது.

பிடிக்காதது பாடமா, இம்போசிஷனா?

அடுத்தது அந்த இம்போசிஷன். ஒரு பாடத்தை மூணு தடவை பார்த்து எழுதச் சொன்னா, இலக்கணம் பிடித்தவருக்கும் கசக்கும். இந்த வித்தியாசத்தைத்தான் நாம அடிக்கடி தவறவிடுறோம். ரெக்கார்ட் நோட் எழுதப் பிடிக்கலைன்னா இயற்பியல் பிடிக்கலைன்னு அர்த்தமில்லை.

ஒரு பேப்பரை எடுத்து, ‘எனக்கு எது பிடிக்கலை?’ன்னு எழுதிப் பாருங்க. பெரும்பாலும் இந்த அஞ்சில் ஒண்ணுதான் வரும்.

1. மொழி: பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், இங்கே எல்லாம் இங்கிலீஷ். பாடம் புரியாததற்குக் காரணம் பாடம் இல்லை, வார்த்தைகள். இந்தப் பிரச்னையோடு கோர்ஸ் மாறினால், அங்கேயும் இதே புத்தகம் இங்கிலீஷில்தான் இருக்கும். முதல் ரெண்டு செமஸ்டர் கஷ்டம், அப்புறம் பழகும்.

2. இடம்: ஹாஸ்டல் சாப்பாடு, வீட்டு ஏக்கம், நண்பர்கள் இல்லாத தனிமை. சனிக்கிழமை ஊருக்கு பஸ் ஏறியதும் சந்தேகம் காணாமல் போகுதுன்னா, பிரச்னை டிகிரியில் இல்லை.

3. நடத்துபவர்: ஒரே ஒரு பேப்பர், ஒரே ஒரு சார். அதே பாடத்தை நல்லா நடத்துகிற ஒரு வீடியோவில் ஒரு மணி நேரம் பாருங்க. அப்போ ஆர்வம் வருதா?

4. வேலை: பாடம் ஓகே, ஆனா ‘இதுக்கு வேலை கிடைக்குமா?’ங்கிற பயம். இது நியாயமான பயம். ஆனா, இதுக்கான மருந்து கூடுதல் ஸ்கில்தான், டி.சி இல்லை.

5. பாடமே: புரியுது, சார் நல்லவர், காலேஜ் நல்லது, ஆனாலும் மனசு ஒட்டலை. உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேஸ் இதுதான்.

அஞ்சாவதுதான் உங்க கேஸ் என்று தோணினால், ஒரு சின்ன டெஸ்ட். முதல் செமஸ்டரை வைத்து முடிவு பண்ணாதீங்க. இன்ஜினீயரிங் முதல் வருஷம் பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவான கணக்கு, இயற்பியல், வேதியியல்தான். உங்க டிபார்ட்மென்ட்டின் மூன்றாம் வருஷ சிலபஸை எடுங்க. ஒரு சீனியரின் லேபில் ஒரு மதியம் போய் உட்காருங்க. நீங்க மாற நினைக்கும் கோர்ஸின் மூன்றாம் வருஷ சிலபஸையும் பக்கத்தில் வையுங்க. கனவு கோர்ஸ் என்று நினைத்ததின் கஷ்டமான பக்கம் அதில்தான் இருக்கும். அந்தக் கஷ்டத்தைப் பார்த்தபிறகும் ‘இதைப் படிக்கணும்’னு தோணினால், அந்த ஆசையை நம்பலாம்.

இன்னொன்று. எந்தப் பாடமும் பிடிக்கலை, சாப்பிடப் பிடிக்கலை, தூக்கம் வரலை, யார்கிட்டயும் பேசத் தோணலைன்னு வாரக்கணக்கில் போனால், அது டிகிரி பிரச்னையா இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். 14416-க்கு அழைத்தால் இலவசமா மனநல ஆலோசனை கிடைக்கும். அந்த நிலையில் கோர்ஸ் பற்றிய முடிவைத் தள்ளி வையுங்க. முதலில் நீங்க சரியாகணும்.

கிளம்பும் முன் ரெண்டு ரூபாய் சீட்டு

எவ்வளவு எடுத்தேன், எவ்வளவு மிச்சம், எது இன்னும் கட்டலை - 16 வயசுப் பையன் எழுதி வைத்த கணக்கு இது. கோர்ஸ் மாறுவதோ நிறுத்துவதோ எதுவாக இருந்தாலும், நீங்களும் இதை எழுதணும்.

ஃபீஸ்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தத்துடன் முழுக் கட்டணமும் திரும்ப வரணும். கடைசி தேதி நெருங்கினால் 90 சதவிகிதம், தாண்டி 15 நாள்களுக்குள் 80, 30 நாள்களுக்குள் 50. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. 2024-25-ல் இதைவிட தாராளமாக, செப்டம்பர் 30 வரை முழுக் கட்டணம், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றார்கள். இந்தத் தேதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். தொழில்நுட்பக் கல்லூரிகளுக்குத் தனி அட்டவணையும் உண்டு. அதனால், உங்க வருஷத்து அறிவிப்பைப் பாருங்க. ஒரு மாசம் தயங்கிக்கொண்டே இருப்பதற்கும் ஒரு விலை இருக்கு.

சர்டிஃபிகேட்: ஒரிஜினல் மார்க் ஷீட்டை காலேஜ் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே 2018 அறிவிப்பில் இருக்கு. ‘மொத்த ஃபீஸையும் கட்டினாதான் தருவோம்’ என்றால், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகை கேளுங்க.

சலுகைகள்: முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகையா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் வந்தீங்களா? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருதா? விலகிவிட்டு வேறு இடத்தில் சேர்ந்தால் இவை தொடருமா என்று டி.சி வாங்குவதற்கு முன்பே காலேஜ் ஆபீஸில் கேளுங்க. 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கும். அந்த சீட்டை விடுவது சாதாரண விஷயமில்லை.

கடன்: கல்விக் கடன் வாங்கியிருந்தால், படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கான மத்திய அரசின் வட்டி மானியம், உடல்நலக் காரணம் இல்லாமல் பாதியில் நிறுத்துபவர்களுக்குக் கிடைக்காது.

இந்தக் கணக்கைப் போட்டதும் சிலருக்கு ‘மாறலாம்’னு தெளிவா தெரியும். சிலருக்கு ‘இருந்தே சமாளிக்கலாம்’னு தெரியும். ரெண்டுமே நல்ல விடைதான்.

விழுப்புரத்தில் இறங்கலாம்

திண்டிவனம் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே வேங்கடராமன் விழுப்புரத்தில் இறங்கிவிட்டார். வாங்கின டிக்கெட் வீணாகுமேன்னு திண்டிவனம் வரை போகலை. டிகிரியும் அப்படித்தான். முழுசா படிச்சு முடிப்பது, இல்லைன்னா தூக்கிப் போடுவது என்று இரண்டே வழி இல்லை.

எந்த டிகிரி முடித்தாலும் மூன்று வருஷ எல்.எல்.பி படிக்கலாம். எம்.பி.ஏ போகலாம். பிளஸ் டூ-விலோ டிகிரியிலோ கணக்கு படித்திருந்தால் எம்.சி.ஏ போகலாம். ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்க 2022-ல் மானியக் குழு அனுமதி கொடுத்தது. ஒன்று நேரடி வகுப்பு, இன்னொன்று தொலைதூரம் அல்லது ஆன்லைன் என்று வைத்துக்கொள்ளலாம். ஐ.ஐ.டி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் படிப்புக்கு ஜே.இ.இ கட்டாயமில்லை, நாலு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதலாம். பிடிக்கலைன்னா நடுவில் சான்றிதழோ, டிப்ளமோவோ வாங்கிக்கொண்டு வெளியேறலாம். வரலாறு படிக்கும் ஒருத்தர், வரலாற்றை விடாமலேயே இதை முயற்சி பண்ணலாம்.

‘எந்த டிகிரியா இருந்தா என்ன, கடைசியில டி.என்.பி.எஸ்.சி தானே எழுதப் போறோம்’ என்பவர்களும் இங்கே நிறைய. 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. அதற்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான். குரூப் 1-க்கு ஏதாவது ஒரு டிகிரி. உங்க இலக்கு உண்மையிலேயே அரசு வேலைன்னா, கணக்கு அரியரோடு நாலு வருஷம் மல்லுக்கட்டும் ஒரு இன்ஜினீயரிங் சீட் தேவைதானான்னு யோசிக்கலாம். ஆனா, பிடிக்காத டிகிரியில் இருந்து தப்பிக்கத்தான் அந்த இலக்குன்னா, மேலே இருக்கும் எண்களை இன்னொரு தடவை பாருங்க.

வீட்டில் எப்படிச் சொல்றது?

கஷ்டமான பகுதி இதுதான். ‘அப்பா, எனக்கு இந்தப் படிப்பு பிடிக்கலை’ன்னு ஆரம்பித்தால், அவர் காதில் விழுவது ‘நீங்க கட்டின காசு வீண்’ என்பதுதான். பதிலுக்கு ‘ஊர்ல எல்லாரும் என்னடா கேப்பாங்க?’ன்னு வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதற்குப் பதில் கணக்கோடு போங்க. ‘அப்பா, இதுவரைக்கும் இவ்வளவு கட்டியிருக்கோம். இந்தத் தேதிக்குள்ள விட்டா இவ்வளவு திரும்ப வரும். நான் போக நினைக்கிற கோர்ஸுக்கு இவ்வளவு ஆகும். ஒரு வருஷம் லேட்டாகும். அந்த கோர்ஸ் படிக்கிற ரெண்டு பேர்கிட்ட பேசிட்டேன். நீங்களும் ஒருதடவை பேசிப் பாருங்கப்பா.’ இப்படிக் கேட்டால், கோபம் வந்தாலும் காது கொடுப்பார். முடியாதுன்னு சொன்னாலும் என்ன காரணம்னு சொல்வார். அந்தக் காரணம் பணமா, பயமா, ஊர்ப் பேச்சா என்று தெரிந்துவிட்டால் அடுத்த பேச்சுக்கு ஒரு வழி கிடைக்கும்.

அந்தக் காரணத்தையும் கொஞ்சம் யோசிங்க. 1896-ல் அந்த ஐந்து ரூபாய் வேங்கடராமனின் ஃபீஸ் இல்லை, அண்ணனுடையது. உங்க ஒரு வருஷ தாமதத்திலும் யாரோ ஒருத்தருடைய ஃபீஸ் கலந்திருக்கும். அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கப்போகும் தங்கச்சியா இருக்கலாம். அதுக்காக நீங்க பிடிக்காத படிப்பிலேயே கிடக்கணும்னு இல்லை. அவளையும் உங்க கணக்கில் சேர்த்துக்கணும், அவ்வளவுதான்.

இந்தப் பௌர்ணமிக்கு கிரிவலம் போனால், 14 கிலோமீட்டர், மூன்றரை, நாலு மணி நேரம் கையில் இருக்கும். அப்பாவையோ, அண்ணனையோ, நம்புகிற ஒரு டீச்சரையோ கூட்டிக்கிட்டுப் போங்க. போனை பாக்கெட்டில் போட்டுக்கிட்டு, கணக்கு எழுதின அந்தப் பேப்பரை மட்டும் கையில் எடுத்துக்கோங்க. ஈசான்ய லிங்கம் வருவதற்குள் முடிவு கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா, ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா போனில் தேடிக்கிட்டிருந்த கேள்வி, இன்னொருத்தருக்கும் தெரிந்த கேள்வியா மாறியிருக்கும்.